டொயோட்டா இன்னோவா ஹைகிராஸ்: ஏழு பேர் குடும்பத்துக்கு எந்த வேரியன்ட்? பாதுகாப்பு, இருக்கை, மலைப்பாதை பற்றிய விவாதம்

#1 காவிரிக்கரை

அனைவருக்கும் வணக்கம். ஈரோட்டிலிருந்து எழுதுகிறேன். எழுபது தாண்டிய பெற்றோர், நாங்கள் இருவர், 3 வயதிலும் 9 வயதிலும் இரண்டு குழந்தைகள், அவ்வப்போது கூட வரும் ஒருவர் என்று ஏழு பேருக்கு வண்டி பார்க்கிறோம். மாதம் ஏறக்குறைய 1,200 கி.மீ. ஓடும். அதில் பாதி ஊருக்குள், பாதி நெடுஞ்சாலை. வருஷத்துக்கு நாலைந்து தடவை மலை ஏற வேண்டியிருக்கும்.

கேள்விகள் மூன்று. பழைய இன்னோவாவான கிரிஸ்டா டீசலா, ஹைகிராஸா? ஹைகிராஸ் என்றால் சாதா பெட்ரோலா, மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிடா? கடைசியாக, எந்த வேரியன்ட்? விவரம் தெரிந்தவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றி.

#2 சேசிஸ்நம்பர்

ஹைகிராஸைக் கிரிஸ்டாவின் அடுத்த மாடல் என்று நினைத்துப் பார்த்தால் எல்லாமே குழம்பும். பெயர்தான் ஒன்று, வண்டி வேறு. கிரிஸ்டாவில் லாரிக்கு இருப்பது போலத் தனி சேசிஸ் உண்டு, அதன் மேல் பாடி உட்காரும், பின் சக்கரம் தள்ளும். 2022 நவம்பரில் காட்டப்பட்ட ஹைகிராஸில் சேசிஸும் பாடியும் ஒரே கூடு, முன் சக்கரம் இழுக்கிறது. பின் அச்சுக்கு இயந்திரத்தண்டு போக வேண்டாம் என்பதால் தரை தாழ்ந்து, தட்டையாகிவிட்டது. உங்கள் அப்பா அம்மாவுக்கு இதுதான் முதல் லாபம். கிரிஸ்டாவில் காலைத் தூக்கி வைத்து ஏற வேண்டும், இதில் வீட்டு வாசல்படி ஏறுவது போல ஏறி உட்காரலாம்.

அளவு: நீளம் 4,755 மி.மீ., அகலம் 1,850 மி.மீ., இரு அச்சுகளுக்கு இடையே 2,850 மி.மீ. கிரிஸ்டாவில் நீளம் 4,735, அச்சு இடைவெளி 2,750. வெளியே நீளம் 20 மி.மீ.தான் வளர்ந்திருக்கிறது, அச்சு இடைவெளி 100 மி.மீ. கூடியிருக்கிறது. அதன் பலன் இரண்டாம், மூன்றாம் வரிசைக் கால்களுக்குத் தெரியும்.

அதே 100 மி.மீ. ஒரு சிக்கலையும் கொண்டு வருகிறது. ஆளில்லாத வண்டிக்குத் தரை இடைவெளி 185 மி.மீ. ஏழு பேரும் பெட்டிகளும் ஏறினால் பின்பக்கம் அமுங்கும். அச்சு இடைவெளி நீண்ட வண்டியில், முன் சக்கரம் வேகத்தடையைத் தாண்டிய பிறகு நடு வயிறு தட்டும். கிராமத்து வேகத்தடைகளைச் சற்றே குறுக்காக, ஒரு சக்கரம் முதலில் ஏறும்படி எடுத்தால் தப்பிக்கலாம்.

இன்ஜின் இரண்டிலும் 1,987 சிசி பெட்ரோல். டீசலும் கிடையாது, கைக்கியரும் கிடையாது. சாதா பெட்ரோலுக்கு சிவிடி என்னும் படிகளில்லாத ஆட்டோமேட்டிக் கியர். ஹைபிரிடில் இன்ஜினும் மோட்டாரும் சேர்ந்து 186 பிஎஸ் (குதிரைத்திறன்). நிறுவனம் சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு பெட்ரோலில் 16.13 கி.மீ., ஹைபிரிடில் 23.24 கி.மீ. ஓட்டத்தில் அந்த எண்ணை எதிர்பார்க்காதீர்கள். ஏசி போட்டு ஆள் ஏற்றிய வண்டியில் பெட்ரோல் 9-லிருந்து 12, ஹைபிரிட் 15-லிருந்து 18 என்று மனதில் வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்.

#3 கணக்குநோட்டு

கணக்கு என்றதும் வந்துவிட்டேன்.

ஜி என்று தொடங்கும் வேரியன்ட்கள் சாதா பெட்ரோல், விஎக்ஸிலிருந்து மேலே எல்லாம் ஹைபிரிட். பெட்ரோல் ஜிஎக்ஸ்(ஓ)வுக்கும் ஹைபிரிட் விஎக்ஸுக்கும் ஷோரூம் விலையில் 5 லட்சம் வித்தியாசம் என்று வையுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து புது காருக்கான ஆயுட்கால வரி 10-லிருந்து 20 லட்சம் வரை 18 சதவீதம், 20 லட்சத்துக்கு மேல் 20 சதவீதம். ஆகவே அந்த 5 லட்சம் சாலைக்கு வரும்போது 6 லட்சமாகிவிடும்.

மாதம் 1,200 கி.மீ. பெட்ரோலில் லிட்டருக்கு 10 என்றால் 120 லிட்டர். ஹைபிரிடில் 16 என்றால் 75 லிட்டர். மிச்சம் 45 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் வருஷத்துக்கு 54,000. 6 லட்சத்தை எடுக்க 11 வருஷம் ஆகும். மாதம் 2,500 கி.மீ. ஓடுகிறவருக்கு அதே பணம் ஐந்து வருஷம் நாலு மாதத்தில் திரும்பிவிடும். எனவே எரிபொருள் மிச்சத்துக்காக மட்டும் என்றால் உங்கள் ஓட்டத்துக்கு ஹைபிரிட் கட்டாது. மற்ற காரணங்களுக்காக எடுக்கலாம், அதை மற்றவர்கள் சொல்லட்டும்.

வரி எல்லையையும் கவனியுங்கள். 19.90 லட்சம் வண்டிக்கு 18 சதவீதம் 3.58 லட்சம். 20.10 லட்சம் வண்டிக்கு 20 சதவீதம் 4.02 லட்சம். விலை 20,000 கூடினால் வரி 44,000 கூடுகிறது. கொட்டேஷன் 20 லட்சத்தைத் தொட்டுக்கொண்டு நின்றால், எந்தத் தொகையை வைத்து வரி போட்டிருக்கிறார்கள் என்று ஒவ்வொரு வரியாகக் கேளுங்கள்.

இன்னொன்று. 2025 செப்டம்பர் 22-க்கு முன்னால் இந்த அளவு ஹைபிரிடுக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேர்ந்து 43 சதவீதம், சாதா பெட்ரோலுக்கு 50 சதவீதம். இப்போது இரண்டுக்கும் 40. பெட்ரோலுக்குத்தான் அதிகம் குறைந்தது. அதனால் பழைய கட்டுரைகளில் உள்ள "ஹைபிரிட்தான் லாபம்" கணக்குகளை அப்படியே எடுக்கக் கூடாது.

#4 மூன்றாம்வரிசை

விலைக்கு முன்னால் யார் எங்கே உட்காருவார்கள் என்று ஒரு தாளில் படம் போடுங்கள். இந்த வண்டியில் வேரியன்டைத் தீர்மானிப்பது அதுதான்.

ஜி, ஜிஎக்ஸ், ஜிஎக்ஸ்(ஓ), விஎக்ஸ், விஎக்ஸ்(ஓ) எல்லாம் 7 அல்லது 8 இருக்கை. இசட்எக்ஸும் இசட்எக்ஸ்(ஓ)வும் 7 மட்டும். ஏழில் நடுவரிசை தனித்தனிக் கேப்டன் இருக்கை, எட்டில் நீள பெஞ்சு. கேப்டன் இருக்கைகளுக்கு நடுவே வழி இருப்பதால் 9 வயதுப் பிள்ளை யாரையும் எழுப்பாமல் பின்னால் போய்விடும். பெஞ்சில் அது நடக்காது.

கிரிஸ்டாவில் நடு இருக்கையை மடித்துக் குப்புறக் கவிழ்த்துவிடலாம், வாசல் அகலமாகத் திறக்கும். ஹைகிராஸில் இருக்கை முன்னால் நகரும், முதுகு சாயும், அவ்வளவுதான். பெரியவர்கள் மூன்றாம் வரிசைக்குப் போக வேண்டிய வீடாக இருந்தால் ஷோரூமில் அவர்களையே ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். ஒரு தடவை பார்த்தால் போதாது. மூன்று தடவை ஏறி இறங்கும்போதுதான் முழங்கால் பதில் சொல்லும்.

பின் சாமான் இடம் மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது 300 லிட்டர். விமானத்தில் கையில் கொண்டுபோகும் அளவுள்ள இரண்டு சக்கரப்பெட்டிகளை நிற்க வைத்து, மேலே மெத்தென்ற பைகளைச் செருகலாம். பெரிய பெட்டி என்றால் மூன்றாம் வரிசையில் ஒரு பாதியை மடிக்க வேண்டும். 50:50 பிரிவு என்பதால் ஆறு பேர், பெட்டிகள் என்று போகலாம். முழுக்க மடித்தால் 991 லிட்டர்.

#5 காவிரிக்கரை

சேசிஸ்நம்பர் சார், கணக்குநோட்டு சார், மூன்றாம்வரிசை, மிக்க நன்றி. ஷோரூமில் இசட்எக்ஸ் எடுக்கச் சொல்கிறார்கள். நடுவரிசையில் கால் நீட்டிப் படுக்கும் ஆட்டோமன் இருக்கை அப்பா அம்மாவுக்கு வசதி, பெரிய கண்ணாடிக் கூரை பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்கிறார்கள். விஎக்ஸுக்கும் இதற்கும் வேறு என்ன வித்தியாசம்?

#6 பெல்ட்முக்கியம்

ஆட்டோமனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை.

நன்றாகச் சாய்ந்து, கால் பலகையை உயர்த்திப் படுத்திருக்கும்போது பெல்ட்டின் தோள்பட்டி மார்பை விட்டு விலகி நிற்கும். இடுப்புப் பட்டி இடுப்பெலும்பிலிருந்து நழுவி வயிற்றுக்கு ஏறிவிடும். பலமாக மோதினால் உடல் பட்டிக்கு அடியில் சறுக்கி முன்னால் போகும், முழு விசையையும் வயிறு வாங்கும். எழுபது வயது உடம்புக்கு அது உயிர் போகும் விஷயம். வண்டி ஓடும்போது முதுகு நிமிர்ந்திருக்க வேண்டும், பட்டி இடுப்பெலும்பில் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். நீட்டிப் படுப்பது வண்டி நிற்கும்போது மட்டும். இந்த நிபந்தனைக்குச் சம்மதம் என்றால் ஆட்டோமனுக்குக் காசு கொடுங்கள்.

இனி ஏர்பேக். வண்டி அறிமுகமானபோது விஎக்ஸ் வரை 2 ஏர்பேக், இசட்எக்ஸிலிருந்து 6. 2023-இல் இடையில் வந்த விஎக்ஸ்(ஓ)விலும் 6. கைமாறி வரும் ஹைகிராஸ் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். "ஹைபிரிட், டாப் மாடல் மாதிரிதான்" என்று விற்கப்படும் விஎக்ஸில் பக்கவாட்டுப் பை இருக்காது. புது வண்டிக்கு, ஆர்டர் போடும் மாதத்துப் பிரசுரத்தில் அந்த வேரியன்டுக்கு நேரே உள்ள ஏர்பேக் எண்ணிக்கையைப் படித்து, அதையே ஆர்டர் படிவத்தில் எழுதி வாங்குங்கள்.

கண்ணால் பார்த்தும் கண்டுபிடிக்கலாம். முன் இருக்கையின் முதுகுப்பகுதியில், கதவுப் பக்க ஓரத்தில் ஏர்பேக் என்று ஒரு சின்னத் துணிப்பட்டை தைத்திருக்கும். கதவுத் தூண்களின் மேல் பிளாஸ்டிக்கிலும் அதே எழுத்து புடைத்து நிற்கும். தூணில் எழுத்து இல்லையென்றால் ஜன்னல் திரைப் பை இல்லை.

பாரத் என்கேப் என்னும் இந்திய மோதல் சோதனையில் 2025-இல் ஹைகிராஸ் 5 நட்சத்திரம் வாங்கியது. பெரியவர் பாதுகாப்பில் 32-க்கு 30.47, குழந்தைப் பாதுகாப்பில் 49-க்கு 45. ஐந்து நட்சத்திரத்துக்கு வேண்டியது முறையே 27, 41 என்பதால் நல்ல இடைவெளியோடுதான் தாண்டியிருக்கிறது. ஆனால் அந்த நட்சத்திரம் எதை அளந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். முன்னால் ஓரமோதல் 64 கி.மீ. வேகத்தில், பக்கவாட்டில் 50-இல், கம்பத்தில் பக்கவாட்டு மோதல் 29-இல். முன்மோதலில் பெரியவர் பொம்மைகள் முன் வரிசையில், குழந்தைப் பொம்மைகள் நடுவரிசையில். மூன்றாம் வரிசையில் பொம்மை உட்காருவதில்லை, பின்னாலிருந்து மோதும் சோதனையும் இல்லை. ஆகவே குழந்தைக்கு நடுவரிசைதான் இடம். மூன்றாம் வரிசையில் யார் உட்கார்ந்தாலும் தலைசாய்ப்பானைக் காதுக்கு நேராக உயர்த்தி, பெல்ட் போட்டே ஆக வேண்டும். இருக்கை முதுகுக்கு மேல் உயரமாகப் பெட்டி அடுக்கக் கூடாது, பிரேக் அடித்தால் அது நேராகப் பின் தலையில்தான் இறங்கும்.

கண்ணாடிக் கூரைக்கும் பாதுகாப்புக்கும் சம்பந்தமில்லை, அதைக் கடைசியில் யோசிக்கலாம்.

#7 நாற்பத்திநாலு

இசட்எக்ஸ்(ஓ)வில் மட்டும் ரேடார் சமாச்சாரம் வருகிறது: முன் வண்டியோடு தானாக இடைவெளி வைத்து வேகத்தைப் பிடிக்கும் குரூஸ், தடம் காட்டும் உதவி, மோதலுக்கு முன் பிரேக், மறைவிட எச்சரிக்கை. அறிமுக விலையில் இசட்எக்ஸ் 28.33 லட்சம், இசட்எக்ஸ்(ஓ) 28.97 லட்சம். நம் சாலையில் பைக் குறுக்கே நுழையும், மாடு வரும். அதற்கு 64,000 தண்டம் என்பது என் கருத்து. அதை அணைத்து வைத்துவிட்டு ஓட்டுகிறவர்கள்தான் அதிகம்.

#8 பெல்ட்முக்கியம்

நாற்பத்திநாலு அண்ணா, அணைத்து வைக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகப் பார்க்க வேண்டாம்.

தடம் காட்டும் உதவி கோடு அழிந்த சாலையில் பயனில்லை, ஊருக்குள் அணைத்துவிடலாம். குரூஸ் நான்கு வழிச்சாலையில் மட்டும். இடைவெளியை அதிகபட்சத்தில் வைத்தால் பைக் நுழையும்போது வண்டி முன்கூட்டியே மெதுவாக வேகம் குறைக்கும், குறைந்தபட்சத்தில் வைத்தால்தான் திடீரென்று அழுத்தும். பின்னால் வருகிறவரும் தடுமாறுவது அதனால்தான். மறைவிட எச்சரிக்கையும், பின்னெடுக்கும்போது குறுக்கே வருவதைச் சொல்வதும் நம் ஊருக்கென்றே செய்தது போல இருக்கும். 1,850 மி.மீ. அகல வண்டியில் இடது பின் மூலையில் ஒரு ஸ்கூட்டர் முழுசாக மறைந்துவிடும். மோதலுக்கு முன் பிரேக், ஓட்டுநர் கண் அசந்த அரை நொடிக்கானது. அந்த மூன்றையும் அணைக்கவே கூடாது.

செலவும் உண்டு. முன் கண்ணாடி மேல்பகுதியில் கேமரா இருக்கிறது. கண்ணாடி உடைந்து மாற்றினால் கேமராவை மறுபடி சீரமைக்க வேண்டும், இல்லையென்றால் தவறான தூரத்தில் பிரேக் பிடிக்கும். இன்சூரன்ஸ் கிளெய்மில் கண்ணாடியோடு அந்தச் சீரமைப்பும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். முன்னால் இரும்புக் கம்பித் தடுப்பு மாட்டுவது 2017-லிருந்தே தடை. சட்டத்தை விடுங்கள், அது ரேடார் பார்வையை மறைக்கும், பம்பர் நசுங்கி ஏர்பேக் சென்சாருக்குச் செய்தி போகும் விதத்தையும் மாற்றிவிடும்.

#9 நாற்பத்திநாலு

இடைவெளி அமைப்பைப் பற்றிச் சொன்னது சரி. பெரும்பாலானோர் குறைந்த இடைவெளியில்தான் வைக்கிறார்கள், அதனால்தான் புகார். மறைவிட எச்சரிக்கைக்கு மட்டும் என்றாலும் ஒத்துக்கொள்கிறேன்.

#10 எழுபதுவளைவு

மலை பற்றி யாரும் தொடவில்லை. கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40, உதகையிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு 36. ஹைபிரிடில் ஏறுவது பிரச்சினையே இல்லை, மோட்டார் வளைவிலிருந்து கிளம்பும்போது தள்ளிக்கொடுக்கும். இறங்குவதில்தான் தெரிந்துகொள்ள வேண்டியது இருக்கிறது.

இறக்கத்தில் காலை எடுத்தால் மோட்டார் ஜெனரேட்டராக மாறி பேட்டரியை நிரப்பும், அந்த இழுவைதான் வண்டியைப் பிடிக்கும். ஆனால் பேட்டரி சின்னது, நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகை. நீண்ட இறக்கத்தில் சில கி.மீ.க்குள் நிரம்பிவிடும். நிரம்பியதும் மின்சாரத்தை வைக்க இடமில்லை. வண்டி இன்ஜினை வெறுமனே சுழற்றி அதன் தடையால் வேகத்தைப் பிடிக்கத் தொடங்கும். அப்போது காலை ஆக்சிலேட்டரில் வைக்காமலேயே இன்ஜின் உறுமும். கோளாறு என்று பயந்து ஓரம் கட்டுகிறார்கள். அது கோளாறில்லை, அப்படித்தான் வேலை செய்ய வேண்டும்.

செய்ய வேண்டியது: இறக்கம் தொடங்கும் முன்பே லீவரை எஸ் நிலைக்குத் தள்ளி, கீழ்ப்படிக்கு இறக்கி வைத்துவிடுங்கள். பேட்டரி நிரம்பும்வரை காத்திருந்து பிறகு பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால், ஏழு பேர் பாரத்தில் பிரேக் பேட் சூடேறி வாடை வரும், பெடல் மெத்தென்றாகும். நியூட்ரலில் இறங்கவே கூடாது.

ஏறும்போது ஒரு எச்சரிக்கை. முன் சக்கர இழுவை வண்டியில் ஆள் எல்லாம் பின்னால் உட்கார்ந்து, ஏற்றமும் செங்குத்தாக, தரையும் ஈரமாக இருந்தால் முன் சக்கரம் லேசாகிச் சுழலும். எஸ்டேட் மண் பாதையில் நின்று கிளம்புவதைத் தவிருங்கள், உருட்டிக்கொண்டே போங்கள். வழக்கமாக மண் பாதையில் ஏறுகிற வீடு என்றால் கிரிஸ்டாவே மேல்.

#11 டீசல்பக்தன்

எழுபதுவளைவு சொன்ன கடைசி வரியைத்தான் நான் தொடர்கிறேன். கிரிஸ்டா 2.4 லிட்டர் டீசல், 5 கியர், 343 என்எம் இழுவிசை, அதுவும் குறைந்த சுற்றிலேயே. பாரம் ஏற ஏற அருமை தெரியும் வண்டி. தனி சேசிஸ் இருப்பதால் குழியில் அடி வாங்கினாலும் தாங்கும். தாலுகா ஊரில்கூட ஃபோர்மேன் இருப்பார். ஒரு நாளைக்கு 300 கி.மீ. ஓடுகிறவர்களுக்கு இன்றும் இதற்கு மாற்று இல்லை.

ஆனால் காவிரிக்கரை சார், மாதம் 1,200 கி.மீ., பாதி ஊருக்குள், எழுபது வயதுப் பெற்றோர் என்றால் நானும் ஹைகிராஸ்தான் சொல்வேன். கிரிஸ்டாவில் இப்போது ஆட்டோமேட்டிக் கிடையாது. ஊர் நெரிசலில் அதன் கிளட்ச் கனம், பின் வரிசையில் ஆட்டமும் கூடுதல்.

#12 பதினாலாம்ஸ்பேனர்

ஒர்க்‌ஷாப் பக்கத்திலிருந்து நாலு விஷயம். ஹைபிரிட் எடுத்தால் இவை தெரியாமல் ஓட்டக் கூடாது.

சிக்னலில் நியூட்ரலில் போடும் பழக்கத்தை விடுங்கள். நியூட்ரலில் ஹைபிரிட் பேட்டரி சார்ஜ் ஆகாது, ஏசியோ அதிலிருந்துதான் ஓடுகிறது. நீண்ட நெரிசலில் பேட்டரி இறங்கிப்போய் எச்சரிக்கை வரும். டி-யில் (ஓட்டும் நிலை) வைத்து பிரேக் பிடியுங்கள், நீண்ட நேரம் என்றால் பி (நிறுத்தும் நிலை).

வண்டி நின்றுபோனால் கிரேன்காரர் கிரிஸ்டா பழக்கத்தில் பின்பக்கத்தைத் தூக்கி இழுக்க வருவார். விடாதீர்கள். ஹைகிராஸில் முன் சக்கரம் சுழன்றால் அதோடு மோட்டாரும் சுழலும், மின்சாரம் உண்டாகும், உள்ளே எண்ணெய் ஓட்டம் இல்லாமல் கியர்பெட்டி தேயும். நாலு சக்கரமும் மேலே ஏறும் தட்டு வண்டிதான் கூப்பிட வேண்டும். இன்சூரன்ஸ் உதவி எண்ணில் பேசும்போதே "தட்டு வண்டி" என்று சொல்லிவிடுங்கள்.

பெரிய பேட்டரி முன் இருக்கைகளுக்குக் கீழே இருக்கிறது, குளிர்வது கேபின் காற்றில். அந்தக் காற்று வாயை மிதியடியோ பையோ மூடக் கூடாது. டெலிவரியின்போது அது எங்கே என்று கை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். முறுக்கும் மிக்சரும் சிந்தும் குடும்ப வண்டியில் அந்த வலையில் தூசி சீக்கிரம் சேரும். சர்வீஸ் அட்டையில் அதைச் சுத்தம் செய்வதைத் தனி வரியாக எழுத வைக்க வேண்டும். அடைத்துக்கொண்டால் பேட்டரி சூடேறும், ஆயுள் குறையும். பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. வாரண்டி உண்டு.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையில் நின்றது போல வெள்ளம் வந்து கேபின் தரை நனைந்திருந்தால் ஸ்டார்ட் பொத்தானைத் தொடவே வேண்டாம். ஆரஞ்சு நிற வயர் எல்லாம் உயர் அழுத்தம். அப்படியே தட்டு வண்டியில் ஏற்றுங்கள்.

இன்னும் ஒன்று, இது எல்லா வண்டிக்கும். சீட் கவர். பக்கவாட்டு ஏர்பேக் முன் இருக்கையின் ஓரத் தையலைப் பிய்த்துக்கொண்டுதான் வெளியே வருகிறது. பெல்ட்முக்கியம் சொன்ன துணிப்பட்டைக்கு மேல் கனமான ரெக்ஸின் கவரை இறுக்கித் தைத்தால் பை வெளியே வர வழியில்லை, அல்லது தாமதமாகும். அந்த ஓரம் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், அல்லது அங்கே மட்டும் எளிதில் பிரியும் நூலால் தைத்த கவர் வேண்டும். வாங்கும்போது கவரைத் திருப்பி, அந்த இடத்தில் தையல் வேறாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பக்கத்துத் தையலுக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லையென்றால் அந்தக் கவர் வேண்டாம்.

#13 காற்றழுத்தம்

இசட்எக்ஸ் வகைகளின் டயர் 225/50 ஆர்18. பக்கச்சுவர் உயரம் 225-இல் பாதி, 112 மி.மீ. கீழ் வகைகளின் 205/65 ஆர்16-இல் 133 மி.மீ. அந்த 21 மி.மீ. ரப்பர்தான் குழியை விழுங்குவது. பெரிய சக்கரம் அழகு, ஆனால் கூர்மையான குழி விளிம்பில் ரிம் வளையும், டயரில் முட்டை போல வீக்கம் வரும். வீக்கம் வந்த டயரைப் பஞ்சர் ஒட்டி ஓட்டக் கூடாது, உள்ளே நூல் அறுந்துவிட்டது என்று பொருள்.

கிராமச் சாலை அதிகம் என்றால் 215/60 ஆர்17 மாற்றலாம். மொத்த விட்டம் 682-லிருந்து 690 மி.மீ. ஆகும், ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல்தான் வித்தியாசம், வேகமானி பெரிதாகத் தவறாது. ஆஃப்செட் (சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கிறது என்ற அளவு) சரியாக இருக்க வேண்டும், இன்சூரன்ஸுக்கு எழுதித் தெரிவித்துவிடுங்கள்.

காற்று: ஓட்டுநர் கதவுத் தூணில் உள்ள ஸ்டிக்கரில் முழுப் பாரத்துக்கு என்ன அழுத்தம் போட்டிருக்கிறதோ, அதைக் காலையில் டயர் சூடேறும் முன் வையுங்கள். ஏழு பேரோடு குறைந்த காற்றில் மே மாத நெடுஞ்சாலையில் ஓடுவதுதான் டயர் வெடிக்க முதல் காரணம்.

#14 காவிரிக்கரை

இவ்வளவையும் படித்த பிறகு விஎக்ஸ்(ஓ) 7 இருக்கைக்கு வந்திருக்கிறோம். ஆறு ஏர்பேக், நடுவே வழி. ஆட்டோமன் வேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார். ரேடார் வசதி இல்லாததுதான் யோசனை. ஷோரூமில் காத்திருப்பு அதிகம் என்கிறார்கள். மாருதி இன்விக்டோவைப் பார்க்கலாமா?

#15 சேசிஸ்நம்பர்

தாராளமாகப் பார்க்கலாம். 2023 ஜூலையில் வந்த இன்விக்டோ இதே ஹைகிராஸ் ஹைபிரிட்தான், பிடதியில் டொயோட்டா தொழிற்சாலையிலேயே தயாராகிறது. ஆறு ஏர்பேக் கீழ் வகையிலேயே உண்டு. ரேடார் வசதியும் ஆட்டோமனும் எந்த வகையிலும் கிடையாது. நீங்கள் பார்க்கும் விஎக்ஸ்(ஓ)விலும் இரண்டும் இல்லை என்பதால் உங்களுக்கு இழப்பில்லை. 17 அங்குலச் சக்கரம், காற்றழுத்தம் சொன்ன கணக்குப்படி அதுவே நல்லது. பக்கத்தில் எந்த சர்வீஸ் சென்டரில் ஹைபிரிட் தெரிந்த ஆள் இருக்கிறார் என்று விசாரித்து முடிவெடுங்கள்.

அப்பா அம்மா எப்போதாவதுதான் வருவார்கள் என்றிருந்தால் கியா கேரன்ஸ் கிளாவிஸையும் சொல்லியிருப்பேன். ஏழு பேரும் அடிக்கடி ஏறும் வீட்டுக்கு அதன் மூன்றாம் வரிசை போதாது.

#16 மூன்றாம்வரிசை

டெஸ்ட் டிரைவுக்கு ஏழு பேரையும் கூட்டிப் போங்கள், தனியாகப் போக வேண்டாம். ஏசியை 24-இல் வைத்து மதியம் எடுத்து, மூன்றாம் வரிசையில் கூரை வாய்க் காற்று எத்தனை நிமிஷத்தில் குளிர்கிறது என்று பாருங்கள். ஒரு வேகத்தடையை முழுப் பாரத்தோடு கடந்து, பின் வரிசையில் இருப்பவரிடம் கேளுங்கள். பின் சஸ்பென்ஷன் முறுக்குத் தண்டு வகை, ஆள் குறைந்தால் கொஞ்சம் துள்ளும், நிறைந்தால் அமைதியாகும்.

டெலிவரி நாளில்: உற்பத்தி மாதம், நாலு டயர்களின் தயாரிப்பு வாரம், எல்லா இருக்கையின் பெல்ட்டும் முழுக்க இழுபட்டுத் திரும்புகிறதா, மூன்றாம் வரிசை இரண்டு பாதியும் தாழ்ப்பாளில் பூட்டுகிறதா, ஸ்டெப்னியை இறக்கும் கம்பி இருக்கிறதா. பணம் கட்டும் முன்பே இவற்றைப் பாருங்கள்.

#17 காவிரிக்கரை

கடைசிக் கேள்வி. 3 வயதுக் குழந்தையின் இருக்கையை நடுவரிசையில் இடமா, வலமா, எந்தப் பக்கம் பொருத்துவது?

#18 பெல்ட்முக்கியம்

நீங்கள் 7 இருக்கை எடுப்பதால் இடது கேப்டன் இருக்கை. குழந்தை இருக்கையைப் பூட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இரண்டு கேப்டன் இருக்கையிலும் உண்டு. இடது பக்கம் நடைபாதைக் கதவு, குழந்தையை ஏற்றிப் பெல்ட் மாட்டும் அந்த இரண்டு நிமிஷம் நீங்கள் சாலையில் முதுகைக் காட்டி நிற்க வேண்டியதில்லை. நடுவே வழி இருப்பதால் பெரியவன் பின்னால் போக அது தடையாகாது.

8 இருக்கை எடுப்பவர்கள் மாற்றிச் செய்யுங்கள். பெஞ்சில் குழந்தை இருக்கை பொருத்திய பக்கத்தை முன்னால் மடிக்க முடியாது. இடதில் பொருத்தினால் மூன்றாம் வரிசைக்கு நடைபாதைப் பக்க வழி அடைபடும். அதனால் வலதில் பொருத்தி, குழந்தையை இடது கதவு வழியாக ஏற்றி பெஞ்சில் நகர்த்திக் கொண்டுபோய் மாட்டுங்கள்.

பொருத்தும்போது இரண்டு கொக்கியிலும் "கிளிக்" சத்தம் கேட்டு, பச்சை அடையாளம் தெரிய வேண்டும். பிறகு மேல் பட்டியைத் தலைசாய்ப்பானுக்கு அடியில் விட்டு, இருக்கை முதுகுக்குப் பின்னால் உள்ள கொக்கியில் மாட்டி இறுக்குங்கள். பெரும்பாலானோர் விட்டுவிடுவது இந்தப் பட்டியைத்தான். அடிப்பாகத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், ஒரு அங்குலத்துக்கு மேல் அசைந்தால் மறுபடி முதலிலிருந்து. நடு இருக்கையின் முதுகுச் சாய்வை மாற்றினால் மேல் பட்டியின் இறுக்கத்தை மறுபடி பார்க்க வேண்டும்.